சத்தம் இல்லையென்றால் சரி

ஜூன் 4, செவ்வாய்

பின்வழிக் காவலின் வாக்கி டாக்கி, குவாரியில் ரேடியோ பழுது பார்க்கும் என் மேசைக்கு வந்தது. பேட்டரி தொடும் தகட்டில் பச்சைக் களிம்பு. சுரண்டித் துடைத்தேன். பேச்சை வாங்கி எல்லாச் செட்டுக்கும் அனுப்பும், குன்றின் மேல் இருக்கும் ரிப்பீட்டர் வழியாகச் சோதித்தால் குவாரி முழுக்க என் "ஹலோ ஹலோ"தான் கேட்கும். அதனால் ரிப்பீட்டரை விட்டு, செட்டுக்குச் செட்டு பேசும் நேரடியில் போட்டு, பக்கத்தில் இருந்த இன்னொரு செட்டோடு பேசிப் பார்த்தேன். கணீரென்று கேட்டது.

வாங்க வந்தது கொழுந்தன். பின்வழியில் காவல் நிற்பவன் அவன்தான். "பழுது செட்லயா, என்கிட்டயா அண்ணி?" என்றான். "உனக்கு ஸ்பேர் கிடைக்காதுப்பா" என்றேன்.

ஜூன் 6, வியாழன்

இன்று வெடிக்கும் நேரத்தில் பின்வழியாக ஒரு டிப்பர் உள்ளே வந்துவிட்டது. கல் பறந்து கண்ணாடி நொறுங்கி, ஓட்டுநரின் கண்ணில் சில்லு. ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

வெடிக்கும் முன் மேஸ்திரி ரேடியோவில் கேட்பார்: "யாராவது நிறுத்தச் சொல்றீங்களா?" பதில் இல்லையென்றால் வெடி. சத்தம் இல்லையென்றால் சரி — எங்கள் குவாரியின் வழக்கம் அது. இன்றும் சத்தம் இல்லை. "உங்க கொழுந்தன் போனை நோண்டிக்கிட்டு நின்னிருப்பான்" என்றார் மேஸ்திரி.

வீட்டில் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "தொண்டை கிழியக் கத்தினேன் அண்ணி. அவங்க பேசறது எனக்குக் கேக்குது. நான் நிறுத்துங்கன்னு கத்தறது அவங்களுக்குக் கேக்கலயே!"

ஜூன் 7, வெள்ளி

செட்டைச் சோதிக்கச் சொல்லி என்னிடமே அனுப்பினார்கள். திரையைப் பார்த்தேன். இன்னும் நேரடியில்தான் இருக்கிறது. செவ்வாயன்று நான் போட்டது. ரிப்பீட்டருக்குத் திருப்பாமலே கொடுத்திருக்கிறேன். நேரடியில் இருந்தால் மற்றவர்கள் பேசுவது எல்லாம் கேட்கும். நம் பேச்சு மட்டும் குன்றுக்கு ஏறாது, பாறைச் சுவரோடு நின்றுவிடும். பாவி, பாவி!

விரல் தானாகப் பொத்தானை அழுத்தித் திருப்பிவிட்டது. பழுதைப் பார்த்தால் சரிசெய்கிற கை. தானாகத்தானா?

மேஸ்திரி வந்து பேசிப் பார்த்தார். தெளிவாகக் கேட்டது. "செட் நல்லாத்தானே இருக்கு. அப்ப பய புளுகறான். என்ன, சரிதானே?" என்றார்.

நான் வாய் திறக்கவில்லை. சரி என்று எடுத்துக்கொண்டு போனார்.

ஜூன் 8

எழுதப் பிடிக்கவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

"நீதானே செட்டைப் பாத்தே, அது நல்லாத்தான் இருந்ததா?" என்று கணவர் கேட்டார். "நான் பாத்தப்ப நல்லாத்தான் இருந்தது" என்றேன். பொய் இல்லையாம்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறேன், அதுவும் வீட்டுக்குள்ளேயே.

கொழுந்தன் கதவருகில் நின்றிருந்தான். "ஒருவேளை நான்தான் பட்டனைச் சரியா அழுத்தலயோ அண்ணி?" என்றான். அவனே அதை நம்பத் தொடங்கிவிட்டான். நாளை விசாரணை. அவன் வேலை நிலைக்காது.

ஜூன் 10, திங்கள்

வாயால் சொன்னால், கொழுந்தனைக் காப்பாற்றப் பேசுகிறாள் என்பார்கள். அதனால் பழுதைத் திரும்ப வைத்தேன். எல்லார் முன்னாலும் செட்டை நேரடிக்கு மாற்றி மேஸ்திரியிடம் கொடுத்தேன். "பின்வழியில நின்னு நிறுத்துங்கன்னு கத்துங்க" என்று அனுப்பினேன்.

மேனேஜர் அறையில் எல்லாரும் என் செட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். "கேக்குதா மேஸ்திரி?" என்று நான் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மூச்சு கூட வரவில்லை. அவர் வியர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தார். "நீங்க பேசினது பூராக் கேட்டுச்சு. நான் கத்தினது?" மேனேஜர் என் பக்கம் திரும்பினார்.

"செவ்வாய்க்கிழமை இப்படித்தான் குடுத்தேன். வெள்ளிக்கிழமை நானே மாத்தி வச்சேன்" என்றேன்.

கொழுந்தன் என்னைப் பார்த்தான். "அப்ப வெள்ளிக்கிழமையே தெரியுமா?" அண்ணி என்று சொல்லவில்லை.

ஜூன் 24, திங்கள்

மேசை வேலை போய்விட்டது. என்னைப் பின்வழிக் காவலில் போட்டிருக்கிறார்கள். வெடிக்கும் முன் காவல்களை அழைப்பது இப்போது கொழுந்தன். ஒவ்வொருவரும் வாய் திறந்து சொன்னால்தான் வெடி. ஓட்டுநருக்குக் கட்டைப் பிரித்துவிட்டார்கள், மங்கலாகத்தான் தெரிகிறதாம். நேற்று போய், தவறு என்னுடையது என்று சொன்னேன். முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வீட்டில் கொழுந்தன் என்னோடு பேசுவதில்லை. ரேடியோவில் மட்டும் பேசுகிறான். "பின்வழி?" "பின்வழி காலி." "மறுபடி சொல்லுங்க." தெளிவாகக் கேட்டிருக்கும், எனக்குத் தெரியும். தினமும் மறுபடி சொல்கிறேன்.

இன்று மறுபடி சொன்னதும், "கேட்டுது அண்ணி" என்றான்.

வழியில் யாரும் வரவில்லைதானே என்று இன்னொரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.