சொல்ப தள்ளிக்கோ

கரியும் மரப்பட்டையும் நனைந்த வாசனை சமையலறை முழுக்க நிற்கிறது. உன் ஆர்க்கிட் தொட்டியை இப்போதுதான் வாளித் தண்ணீரில் முக்கி எடுத்தேன். நீர் வடிந்ததும் அட்டைப்பெட்டியில் வைத்துக் கட்ட வேண்டும். காலை ரயிலில் உன் அம்மாவிடம் கொண்டுபோகிறேன். உன்னிடம் சொல்லாமல் எடுத்துப்போக மனம் வரவில்லை.

பெங்களூரு விவேக் நகரின் இந்த இரண்டாம் மாடி வீட்டுக்கு நாம் சேர்ந்து குடிவந்தபோது, உன் சாமான்களில் பாதி துணி, மீதி இந்தச் செடி. தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வேலைக்கு வந்துபோய் அலுத்திருந்தாய். செடியை எங்கே வைப்பது என்று நான் ஒரு புத்தகத்தைப் புரட்டினேன். நீ கைப்பேசியில் வெளிச்சம் அளக்கும் செயலியை இறக்கிக்கொண்டிருந்தாய்.

"எங்க தாத்தா சுரங்கத்துல இருட்டுலயே வேலை பாத்தாரு. பேத்தி வெளிச்சத்த அளந்து வாங்கறா, பாத்துக்கோ."

ஜன்னலோரம் பன்னிரண்டாயிரம் லக்ஸ். இதற்கு அது போதும் என்றாய். நீ ஊருக்குப் போயிருந்த ஒரு வாரத்தில் நானும் அளந்து பார்த்தேன். மூவாயிரம்தான் காட்டியது. பயந்துபோய்ச் செடியைத் தூக்கிப் பால்கனியில், நேர் வெயிலில் வைத்தேன். நீ திரும்பியபோது ஓர் இலையின் நடுவில் வெந்துபோன வட்டம்.

நீ திட்டவில்லை. "எப்படி அளந்த? செஞ்சு காட்டு" என்றாய். கைப்பேசியை இலையருகே வைத்து, எண்ணைப் படிக்கக் குனிந்தேன். நீ சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டு நாய் குரைத்தது.

"சென்சார் மேல இருக்கு, காது வெக்கிற எடத்துல. நீ குனிஞ்சா உன் மண்டை நிழல் அதுமேல விழுது. செடிக்கு வெளிச்சம் இருக்கு டீ, நீதான் நடுவுல நிக்கற. சொல்ப தள்ளிக்கோ."

தள்ளிக்கொண்டேன். எண் பன்னிரண்டாயிரத்துக்கு ஏறியது.

கொஞ்சம் என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் உனக்குக் கன்னடத்து 'சொல்ப'தான் வரும். சொல்ப காபி, சொல்ப தலைவலி. "பெங்களூரு போயி தமிழு மறந்துபோச்சா?" என்று உன் அம்மா போனில் கேலி செய்வார். டெங்கு வந்து மருத்துவமனையில் சேர்த்தபோதும் அப்படியேதான் சொன்னாய்: "சொல்ப காய்ச்சல். அம்மாகிட்ட சொல்லாத, ஓடி வந்துடும்." நான் ஒரு நாள் சொல்லாமல் இருந்தேன். மறுநாள் அவர் வந்து சேர்ந்தபோது நீ பேசும் நிலையில் இல்லை.

காரியங்கள் முடிந்ததும் அவர் சொன்னார்: "செடிய நீயே வெச்சுக்கம்மா. பூத்தா சொல்லு."

ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. பக்கத்து மனையில் நான்கு மாடி எழும்பிவிட்டது. தலையை எவ்வளவு விலக்கிப் பார்த்தாலும் நம் ஜன்னலில் இப்போது இரண்டாயிரம்தான். இலை விடுகிறது, பூந்தண்டு வரவில்லை. உன் அம்மா கூப்பிடும்போதெல்லாம் "இன்னும் இல்லம்மா" என்பேன். கட்டடத்தைப் பற்றிச் சொன்னதில்லை. சொன்னால் செடியைக் கொடுத்துவிட வேண்டியிருக்கும். உன்னுடையது என்று என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். மீதியெல்லாம் நினைவு, அதை நம்ப எனக்குத் துணிவில்லை.

போன ஞாயிறு, அங்கே வெளிச்சம் எவ்வளவு என்று பார்க்க, கைப்பேசியோடு மட்டும் தங்கவயலுக்குப் போனேன். உன் வீட்டுச் சமையலறையின் கிழக்கு ஜன்னல் மேடையில் அதை வைத்தேன். அம்மா பக்கத்தில் வந்து குனிந்தார்.

"இன்னாம்மா இது, நாலாயிரம்னு காட்டுது? பத்துமா?"

"சொல்ப தள்ளிக்கோங்கம்மா."

என் வாயிலிருந்துதான் வந்தது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எண் பதினோராயிரத்தில் போய் நின்றது.

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டடத்தை, அந்த ஒரு நாளை. அவர் திரும்பிக் குழாயைத் திறந்து, கழுவிவைத்திருந்த டம்ளரையே மறுபடியும் கழுவினார்.

"கை ஒடஞ்சிகினு ஸ்கூல்லேருந்து வந்தவ, சோறு துன்னு முடிக்கிற வரைக்கும் எங்கிட்ட சொல்லல. அவ சொல்லாதன்னா நீ இன்னா பண்ணுவ" என்றார். பிறகு டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "ஒரு போன் பண்ணியிருக்கலாம்மா நீ."

"ஆமாம்மா."

கிளம்பும்போது வாசல்வரை வந்தார். "செடிய எடுத்துகினு வா. பூத்தா நான் உனக்குச் சொல்றேன்."

நீர் வடிந்துவிட்டது. வெந்த வட்டம் உள்ள இலையைத் துடைத்து, தொட்டியைப் பெட்டியில் வைத்தேன். அந்த இலை இன்னும் உதிரவில்லை. ஜன்னலோரம் தொட்டி இருந்த இடத்தில் ஈர வளையம் ஒன்று காய்ந்துகொண்டிருக்கிறது. பழக்கத்தில் கைப்பேசியை அங்கே வைத்தேன். எண்ணைப் பார்ப்பதற்கு முன்பே என் தலை தானாக விலகிக்கொண்டது.