பாதி குப்பம்

கொக்கிலமேடு,
ஆவணி, 1977

அமெரிக்காவில் மருத்துவ ஆராய்ச்சி செய்யும் மகன் தணிகைவேலுக்கு அப்பா பூவராகவன் எழுதுவது. இங்கு நலமில்லை. உன் நலத்தை இந்தக் கடிதத்தில் விசாரிக்கப் போவதில்லை.

நீ செய்தது துரோகம். சொந்தக்காரர் ரத்தத்தை ஏற்றிவிட்டால், பிறகு நோய் தீர ஏற்றும் சொந்தக்காரர் எலும்பு மஜ்ஜையை உடம்பு தள்ளிவிடும் என்று உனக்குத் தெரியும். அதை ஊர் ஊராய்ப் போய்ப் பேசினாய். உன் தங்கை வச்சலாவுக்கு எலும்புக்குள் ரத்தம் ஊறுவது நின்றுவிட்டது என்று நான் தை மாதம் எழுதியபோது, டாக்டர் சொல்கிறபடி ரத்தம் ஏற்றுங்கள் என்று பதில் போட்டாய். யார் ரத்தம் என்று எழுதவில்லை.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் அயலார் ரத்தம் பாட்டிலில் தயாராக இருந்தது. நான்தான் வேண்டாம் என்றேன். நம் குப்பத்தை நீ மறந்திருப்பாய். ஒரு கட்டுமரம் கரை திரும்பவில்லை என்றால் மற்ற மரங்கள் வலை போடாமல் தேடப் போகும் ஊர் இது. நம் பெண்ணுக்கு எவனோ ரத்தமா என்று பஞ்சாயத்தில் கேட்டேன். மறுநாள் எல்லோரும் மீன் லாரியில் ஏறிப் போனோம். முதலில் கையை நீட்டியவன் நான். பிறகு உன் அம்மா சம்பூர்ணம், சித்தப்பா மக்கள், அத்தை பூவாயி. ஊசியைப் பார்த்த பூவாயி, “இன்னாடா இது, சுறாவுக்குப் போடுற தூண்டிலாட்டம் கீது” என்றாள். வார்டே சிரித்தது. வச்சலா முகத்தில் நிறம் வந்தது. “என் ஒடம்புல இப்ப பாதி குப்பம் ஓடிகினு கீது நைனா” என்றாள்.

வராதவன் உன் தம்பி மாயவன் ஒருவன்தான். ஊசிக்குப் பயந்து கல்பாக்கத்தில் கட்டட வேலைக்கு ஓடிவிட்டான். அவனை நான் வீட்டு வாசலில் சேர்க்கவில்லை. ஊரும் அவனோடு பேச்சை நிறுத்தியது.

போன வாரம் ஞானம்பாள் என்ற புது டாக்டரம்மா வந்தார். சென்னையில் நீ பேசியதைக் கேட்டவராம். நாய்களை வைத்து நீ செய்த சோதனையை எனக்குப் புரியும்படி சொன்னார். யார் யார் ரத்தம் கொடுத்தீர்கள் என்று கேட்டார். பெயர்களைப் பெருமையாக அடுக்கினேன். அவர் பேனாவை மூடிவிட்டு, “கூடப் பொறந்தவங்கள்ல யாராவது கொடுக்காம பாக்கி இருக்காங்களா?” என்றார். அமெரிக்காவில் ஒருவன் இருக்கிறான் என்றேன், மாயவன் பெயரை வெட்கத்தோடு சொன்னேன். உங்கள் இருவரில் ஒருவர் மஜ்ஜை பொருந்தினால் இன்னும் வழி இருக்கலாமாம். உறுதி இல்லையாம். ஆனாலும் பயந்து ஓடியவனை நான் மெச்சமாட்டேன்.

நான் பள்ளிக்கூடம் போகாதவன். கருவாடு மடித்த காகிதத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தவன். நீ ஒரு வரி எழுதியிருந்தால் வாசித்திருப்பேன். உன் நாய்களுக்குக் கிடைத்த கவனிப்பு உன் தங்கைக்குக் கிடைக்கவில்லை.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். நீ புறப்பட்டு வர வேண்டும். பணம் அனுப்பாதே, நேரில் வா. உன் ரத்தத்தையும் மாயவன் ரத்தத்தையும் அவளுடையதோடு பொருத்திப் பார்த்து, பொருந்தினால் அவளை உன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது உன் பொறுப்பு. மாயவனைக் கூட்டி வருவது என் வேலை. நாளைக்கே கல்பாக்கம் போகிறேன். அவன் ஏசினால் கேட்டுக்கொள்கிறேன். இனி அயலார் ரத்தம் மட்டுமே ஏறும்படி டாக்டரம்மா பார்த்துக்கொள்வார். குப்பத்து ஆட்கள் இன்னும் ரத்தம் தருகிறோம் என்று வருகிறார்கள். காரணம் சொல்லாமல் அவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியவள் உன் அம்மா.

யாருடைய ரத்தம் என்ன செய்தது என்று வச்சலாவிடம் நீ சொல்லக் கூடாது. பாதி குப்பம் ஓடுகிறது என்று வருகிற நர்ஸிடம் எல்லாம் இன்னமும் சொல்கிறாள். அப்போது பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்க வேண்டியவன் நான். சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சீக்கிரம் வந்து சேர்.

நைனா