கீரி படுத்த இடம்

அன்புள்ள கிரேஸுக்கு,

ஸ்தோத்திரம். உன் அப்பா வீட்டில் நீயும் மாமாவும் சுகந்தானே? போனில் சொன்னால் பதறுவாய் என்றுதான் எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை என் அடுப்படிக்குள் பாம்பு வந்தது, சின்னதுதான். கோயில் வளாகத்தில் திரியும் கீரி அதை வாசலுக்கு இழுத்துப்போய்க் கொன்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அதையே பிரசங்கித்தேன். சாத்தானோடு போராடுவதில் நாமும் கீரியைப்போல ஓயாமல் நிற்கவேண்டும் என்றேன். ஆராதனை முடிந்ததும், கோயில் பெருக்கும் அன்னத்தாய் அக்கா வந்தார்.

"உபதேசியாரய்யா, சண்ட முடிஞ்சதும் அந்தக் கீரி வேப்பமரத்தடியில பொழுதடையிற மட்டும் தூங்குச்சே. அதச் சொல்லாம விட்டுட்டீகளே?"

பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். திருவாதவூர்ப் பக்கம் இன்னும் இரண்டு சபைகள் காத்திருந்தன. அங்கேயும் ஓயக்கூடாது என்றே பேசிவிட்டு வந்தேன்.

உன் பழைய நூல்சேலை ஒன்று அனுப்பு. இராத்திரிகளில் கண்ணை மூட முடிவதில்லை; அதைத் தலைக்கு வைத்துப் படுத்தால் தூக்கம் வருமா பார்க்கிறேன். பஸ் வந்துவிட்டது.

உன்,
சாமுவேல்