மூடியைத் திறந்தால் குற்றாலம்

மேலகரம்,
ஆனி மாதம், சாரல் விழும் ஒரு மத்தியானம்.

என் அன்பு மச்சானுக்கு உங்கள் ஹுஸ்னா எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் மாமியும் நலம். துபாய் வெயிலில் நீங்களும் நலமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ செய்கிறோம். தினமும் வீடியோவில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று சிரிப்பீர்கள். போனில் பேசினால் உங்கள் பக்கம் ரூமே காது கொடுக்கிறது, என் பக்கம் மாமி. அதனால்தான் இதை எழுதி, நாளைக்குத் துபாய் திரும்பும் காஜா அண்ணன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

மாமிக்கு முட்டுவலி பரவாயில்லை. வீடியோ போடச் சொல்லிக் கம்பெனிக்காரர்கள் எனக்கு இலவசமாக அனுப்புகிற முகக் கிரீம்களையெல்லாம் குதிகால் வெடிப்புக்குத் தேய்க்கிறார்கள். குதிகால் பளபளவென்று இருக்கிறது. இதை வீடியோவில் சொன்னால் கம்பெனிக்காரன் என்னோடு பேச்சை விட்டுவிடுவான். போன வாரம் வந்த மிக்ஸியில் சட்னி சரியாக அரைபடவில்லை என்று சொன்னதற்கு மாமிக்கு என் மேல் கோபம். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று கேட்டார்கள். என் வேலையே பல்லைப் பார்ப்பதுதானே மாமி என்றேன்.

இங்கே சாரல் பிரமாதம். காலையிலிருந்து மலையைக் காணோம். மேகம் இறங்கித் தெருவுக்குள்ளேயே நடமாடுகிறது. பால் வாங்கப் போனால், நனைவது தெரியாமலே நனைந்து வருகிறோம். கொடியில் போட்ட துணி ஒன்றுகூடக் காயவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். துபாயிலேயே ஒரு கம்பெனி, ‘சாரல்’ என்று பெயர் வைத்துப் புது அத்தர் போடுகிறது. அங்கே வேலை பார்க்கும் அஃப்ஷான் என்கிற பெண் என் வீடியோக்களைப் பார்த்து ஒரு குப்பி அனுப்பினார். நல்ல அத்தர்தான் மச்சான். மல்லிகை, சந்தனம், எல்லாம் அடங்கிய பிறகு மெதுவாக மண்வாசம். ஆனால் மண்வாசம் கோடைமழைக்குத்தானே வரும்? சாரல் காலத்தில் மண் எந்நேரமும் ஈரமாகக் கிடக்கிறது, அது எங்கே மணக்கும்? சாரல் மூக்குக்கு வருவதில்லை, இமைக்குத்தான் வருகிறது. உங்களுக்குத் தெரியாததா?

இதை அஃப்ஷானிடம் சொன்னேன். சிரித்தார். எல்லாம் உங்கள் இஷ்டப்படி பேசுங்கள், ‘மூடியைத் திறந்தால் குற்றாலம்’ என்று ஒரு வரி மட்டும் சேர்த்துவிடுங்கள் என்றார். என் வீடியோ பார்ப்பவர்களில் பாதிப்பேர் வளைகுடாவில் இருக்கும் நம் பக்கத்து ஆட்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த வரியைச் சொன்னால் துபாயில் நடக்கும் வெளியீட்டு விழாவுக்கு என்னையும் கூப்பிடுவார்களாம். டிக்கெட், விசா, தங்க ஹோட்டல் எல்லாம் அவர்கள் பொறுப்பு. என் வீட்டுக்காரர் அங்கேதான் இருக்கிறார் என்றேன். அவரும் உங்களோடு தங்கட்டுமே என்றார்.

கல்யாணமாகி ஒரு சாரலிலாவது நாம் சேர்ந்து நின்றிருக்கிறோமா? உங்கள் லீவு மாசியில் வந்து, அருவி வெறும் பாறையாக நிற்கும்போதே முடிந்துவிடுகிறது.

அன்றிலிருந்து என் கால் தரையில் பாவவில்லை. அரிசி களையும்போதே விமானம் ஏறிவிடுகிறேன். புர்காவெல்லாம் சாரல் துளியோடு அங்கே வந்து இறங்குகிறேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நீங்கள் நிற்கிறீர்கள். நான் நடக்க நடக்கப் பளிங்குத் தரையில் என் ஈரக்கால் தடம் விழுகிறது. நீங்கள் என்னைப் பார்க்காமல் குனிந்து அந்தத் தடத்தையே பார்க்கிறீர்கள். இதற்குள் இங்கே சோறு குழைந்துவிட்டது. மாமி வந்து, “ஏட்டி, நீ எங்கன இருக்கே?” என்று கேட்டார்கள். துபாயில் என்றா சொல்வது? அடுப்பை அணைத்தேன்.

மாடியில் நின்று அந்த வரியைப் பேசி வீடியோவும் எடுத்துவிட்டேன். பின்னால் மேகம், முன்னால் குப்பி, அவ்வளவு அழகு. அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. முந்தின நாள், அந்த வரி அச்சடித்த அட்டைப்பெட்டியோடு குப்பியின் படத்தை மட்டும் போட்டிருந்தேன். அதற்குக் கீழே யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தேன். கடையத்துக்காரர் ஒருவர், பெயர் கிதிர் முகம்மது, ஷார்ஜாவில் லாரி ஓட்டுகிறாராம். “லாத்தா, நீங்க சொன்னா வாங்கிருதேன். நெசமாவே மூடியத் தொறந்தா ஊரு வருமா?” என்று கேட்டிருந்தார்.

நான் வரும் என்றால் அவர் வாங்குவார். ரூமில் கட்டில் மேல் உட்கார்ந்து மூடியைத் திறப்பார், கண்ணை மூடுவார். அதற்குப் பிறகு என்ன செய்வார் மச்சான்? கட்டிலில் உட்கார்ந்திருப்பது நீங்களாகத்தான் எனக்குத் தெரிந்தது.

அந்த வீடியோவை அழித்தேன். கல்யாண வீட்டுக்குப் போட்டுப் போக அருமையான அத்தர், ஆனால் இது சாரல் இல்லை என்று புதிதாகப் பேசி அனுப்பினேன். அஃப்ஷான் கோபப்படவில்லை. வருத்தம்தான், விழாவுக்கு வேறு ஒருவரை அழைத்துக்கொள்கிறோம் என்று எழுதினார்.

இதைப் பெருமைக்காகச் செய்தேன் என்று நினைக்காதீர்கள். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஒரு வரிதானே, சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று ஒரு மனசு இன்னும் சண்டை போடுகிறது. உங்களைப் பார்க்கக் கிடைத்த வழியை என் வாயாலேயே அடைத்துவிட்டேன். உங்களுக்குக் கோபம் வந்தால் போனில் தாராளமாகத் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

கடிதத்தோடு இரண்டு பொருள் வைத்திருக்கிறேன். அத்தர் குப்பியை ரூமில் எல்லார் முன்னாலும் திறங்கள், அவர்களும் பூசிக்கொள்ளட்டும். பாலிதீன் பையை மட்டும் யாருமில்லாதபோது திறங்கள். போன லீவில் நீங்கள் விட்டுப்போன பச்சைக் கட்டம் போட்ட கைலி அதில் இருக்கிறது. இந்தச் சாரல் முழுக்க நம் மாடிக் கொடியிலேயே கிடந்து, காயாமல், கொஞ்சம் மக்கின வாடையோடு இருக்கிறது. ஈரத்துணியைப் போய்ப் பிள்ளைக்குக் கொடுத்தனுப்புகிறாளே என்று மாமி தலையில் அடித்துக்கொண்டார்கள். நீங்கள் முகம் சுளிக்க வேண்டாம். சாரலுக்கு மணம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான். இதை விற்கச் சொல்லி எந்தக் கம்பெனியும் என்னிடம் வராது.

ஆடி கடைசிவரை சாரல் இருக்கும் என்கிறார்கள். உங்கள் முதலாளியிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அல்லாஹ் அவர் மனசை இளக்கட்டும், உங்களுக்கு நீண்ட ஆயுளையும் நல்ல சுகத்தையும் தரட்டும். கைலியைத் துவைத்துவிடாதீர்கள். அந்த ஊர் வெயிலில் அது வெகுநாள் ஈரமாக இருக்காது. காய்வதற்குள் வந்துவிடுங்கள்.

உங்கள் வரவை எதிர்பார்த்திருக்கும்,
ஹுஸ்னா