சாமி மாடத்து எழுத்துகள்

கற்பகாம்பாள் துணை

ராயப்பேட்டை,
சித்திரபானு வருஷம், ஐப்பசி 15

மதிப்பிற்குரிய டீச்சரம்மாவுக்கு, தேவானை வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் மூவரும் நலம். வாணியம்பாடியில் தங்களுக்கு ஒரு குறையும் வராதிருக்க அம்பாளை வேண்டுகிறேன்.

ஜப்பான்காரன் குண்டு விழும் என்று பட்டணமே காலியான சித்திரையில், குழந்தைகள் வகுப்பை மூடிவிட்டுப் புறப்பட்ட அவசரத்திலும், என் மகள் பாஞ்சாலிக்கென்று அந்த எழுத்து அட்டைகளைக் கொடுத்தனுப்பினீர்களே, அதை நான் மறக்க மாட்டேன். உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தானாலும் எழுத்து சரஸ்வதிதானே. கால் படக் கூடாதென்று அன்றே சாமி மாடத்தில் வைத்துவிட்டேன். சரஸ்வதி பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டேன். தினம் விளக்கேற்றியதும் அவளைக் கீழே நிறுத்திக் காட்டுகிறேன். ஓர் எழுத்தும் ஏறவில்லை. எழுத்தின் பெயர் கேட்டால் என் முந்தானைக்குள் ஒளிகிறாள்.

நேற்று அவள் தகப்பனார் டிராம் ஓட்டிவிட்டு வந்து உட்கார்ந்ததும் ஆரம்பித்தார். "அந்தம்மா வெளையாட்டு காட்டினாங்க, நீ பூசை பண்ணிக்கினு கீறே. தைக்குள்ள எயுத்து வர்லேன்னா பட்ச்சது போதும், ஊட்டோட கெடக்கட்டும்" என்றார்.

பொட்டலக் காகிதத்தைப் பார்த்துத் தானாக எழுத்துக் கூட்டினவள் நான். அவளுக்கும் அந்தக் கதி வேண்டாம். தாங்கள்தான் வழி சொல்ல வேண்டும்.

தங்கள் அன்பு மறவாத,
தேவானை

வாணியம்பாடி,
10-11-1942

அன்புள்ள தேவானை அக்கா,

அல்லாஹ்வின் கருணையால் நலம். உங்கள் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன். பிறகு என்மேல்தான் கோபம் வந்தது. அட்டையைக் கொடுத்தேனே தவிர, அதை வைத்து என்ன செய்வது என்று சொன்னேனா?

அவை பார்ப்பதற்கு அல்ல அக்கா, தொடுவதற்கு. சொரசொரப்பை விரலால் தடவித் தடவிக் கைதான் முதலில் படிக்கும். கண் பின்னால் வரும். இறக்கிப் பாயில் வையுங்கள். எங்கள் வீட்டிலும் குர்ஆனைப் பட்டில் சுற்றி உயரத்தில்தான் வைப்போம். ஓதும்போது இறக்கித்தானே ஆக வேண்டும்?

எழுத்தோடு நிற்காதீர்கள். தண்ணீர் ஊற்றட்டும், பாத்திரம் கழுவட்டும், பருப்பில் கல் பொறுக்கட்டும், பாடட்டும். பசி, கை, காது, கோபம் எல்லாம் சேர்ந்துதான் ஒரு குழந்தை படிக்கிறது. "இது என்ன எழுத்து, சொல்" என்று மட்டும் கேட்காதீர்கள். தை வரைக்கும் நாள் இருக்கிறது.

உங்கள்,
ஷகீலா

கற்பகாம்பாள் துணை

ராயப்பேட்டை,
கார்த்திகை 28

மதிப்பிற்குரிய டீச்சரம்மாவுக்கு,

அம்பாளிடம் உத்தரவு கேட்டுக்கொண்டு அட்டைகளை இறக்கினேன். அடுத்து நடந்ததைக் கேளுங்கள். பாத்திரம் கழுவப் பழக்கச் சொன்னீர்கள், பழக்கினேன். மறுநாள் நான் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்று திரும்புவதற்குள், எழுத்தையெல்லாம் தொட்டித் தண்ணீரில் போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறாள்.

"இன்னாடி பண்ணி வச்சே?"

"குங்குமம் ஒட்டிக்கினு அயுக்கா இருந்துச்சிம்மா."

எல்லாம் கூழ். உட்கார்ந்து அழுதேன். அவளும் அழுதாள், பிறகு பசிக்கிறது என்றாள். சோறு போட்டேன். சாப்பிட்டுக்கொண்டே, "நாமளே பண்ணிக்கலாம்மா" என்றாள்.

நொச்சிக்குப்பம் கரையிலிருந்து மணல் அள்ளி வந்தோம். அலசி, உலர்த்தி, சலித்தது எல்லாம் அவள்தான். நான் பசையால் எழுத்துப் போட, மேலே மணல் தூவி, ஊதி, விரலால் தடவி, "அ... அம்மா. ப... பல்லி" என்று தானே பாட்டுக் கட்டுகிறாள். செலவு எழுதும் தாளின் ஓரத்தில் அவள் செய்வதையும் குறித்து வருகிறேன். இன்று எழுதியது: தண்ணீர் சிந்தவில்லை, துவரை பொறுக்கும்போதே தூங்கிவிட்டாள், ஒரு தடவைகூட ஒளியவில்லை.

அவர் மட்டும், "இப்ப மண்ணு வெளையாட்டா? தை வந்துகினே கீது" என்கிறார். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அவள் முகத்தைப் பார்க்கிறபோது தங்களைக் கும்பிடத் தோன்றுகிறது.

தேவானை

கற்பகாம்பாள் துணை

ராயப்பேட்டை,
தை 5

மதிப்பிற்குரிய டீச்சரம்மாவுக்கு,

பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன். பொங்கலன்று நான் அடுப்படியில் இருந்தேன். சுண்ணாம்புக் கட்டி ஒன்று அவள் கையில் அகப்பட்டிருக்கிறது. வாசற்படியிலிருந்து அடுப்படி வரை தரையெல்லாம் எழுதிவிட்டாள். நான் ஒன்றும் சொல்லித் தரவில்லை. அம்மா, பல்லி, மணல், படி. சில எழுத்துகள் கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பிக் கிடந்தன. அவர் வேலை முடிந்து வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாம்மே இது? கால் வைக்க எடமில்ல."

"மிதிக்காத நைனா, எயுத்து."

"அப்ப நான் எப்டி உள்ள வர்றது?"

"குதிச்சி வா."

அவ்வளவு பெரிய ஆள், கால்சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சந்து பார்த்துச் சந்து பார்த்துத் தாண்டி வந்தார். நான் சிரிப்பை அடக்க வாயில் முந்தானையை வைத்துக்கொண்டேன். அடுப்படிக்குப் பக்கத்தில் ஒன்றைக் காட்டி, "இது இன்னா?" என்றார்.

"அது நீதான். நைனா."

அவர் அங்கேயே குந்திவிட்டார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்: "டீச்சரம்மா வகுப்பு நடத்தின கொட்டாய் மழையில சரிஞ்சி கெடக்குது. நான் கீத்து போட்டுத் தரேன்னு எயுது. இவளுக்கு ஒக்கார எடம் வேணுமில்ல."

கீற்றுக்குச் சொல்லியாகிவிட்டது. மூங்கில் நேற்றே வந்து இறங்கிவிட்டது. தாங்கள் எந்த ரயிலில் வருகிறீர்கள் என்று ஒரு வரி போட்டால், அவர் ஸ்டேஷனுக்கே வந்து பெட்டி தூக்குவதாகச் சொல்கிறார்.

என்றும் நன்றியுடன்,
தேவானை