சங்கிலிக்குப் பதிலாகக் கட்டிய கயிறு

1996 செப்ரெம்பர் 14, சனி

மரத்தில் தொங்கவிடும் இருக்கை பார்க்க இன்றைக்குக் கடைக்குப் போனேன். மான் வேட்டைக்கு. பக்ரறியில் என்னோடு வேலை செய்கிற வேர்னனுக்கு வடக்கே காட்டுக்குள் தகப்பன் விட்டுப்போன காணியும் ஒரு கபினும் இருக்கின்றன. போன வருசம் ஒரு துண்டு மான் இறைச்சி தந்தான். தங்கச்சி செலீன் அதைத் தேங்காய்ப்பூ வறுத்தரைத்துக் கறி வைத்தாள். அவள் புருசன் கிளிபோட் சட்டியை வழித்து நக்காத குறை. அன்றிலிருந்து எனக்கும் அவனுக்கும் இதே பைத்தியம். நவம்பரில் இரண்டு பேரையும் வரச் சொல்லியிருக்கிறான் வேர்னன். வேட்டைப் பாடம் படித்து, சோதினை எழுதி, லைசென்ஸும் எடுத்தாயிற்று. இருக்கையை மட்டும் நாங்களே கொண்டுவர வேண்டுமாம்.

மூன்று விதம் இருக்கிறது. ஏணியோடு வருவது என் காருக்குள் அடங்காது. இருந்தபடியே மரத்தில் நகர்த்தி ஏறக்கூடியது நல்ல சாமான்தான், விலையைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டேன். மூன்றாவது, கால் வைக்க ஒரு தட்டும் மேலே ஓர் ஆசனமும். சங்கிலியால் மரத்தில் கட்டித் தொங்கவிடுவது. கடைக்குள்ளேயே அதில் இருந்து இப்படியும் அப்படியும் அசைந்து பார்த்தேன். கிறீச் என்றது. மானுக்குக் காது வலு கூர்மை என்று வேர்னன் நூறு தரம் சொல்லிவிட்டான். வாங்காமல் வந்தேன்.

செப்ரெம்பர் 22, ஞாயிறு

பூசை முடிந்து மல்வேர்னில் கிளிபோட் வீட்டில் சாப்பாடு. இரண்டு பேருக்குமான இருக்கையை நானே பார்த்து எடுக்கட்டாம். "நீ வன்னியிலை பரண் கட்டின ஆள். எனக்கு உதிலை என்ன தெரியும் மச்சான்? நீ எடுத்தாச் சரி." செலீன் என்னைப் பெருமையோடு பார்த்தாள்.

நான் பரண் கட்டியதே இல்லை. மடு றோட்டுப் பக்கம் மாமாவின் வயலில் பன்றிக் காவலுக்கு மரத்தில் பரண் கட்டும்போது, கீழே நின்று கயிறு எடுத்துக் கொடுத்தேன். இரண்டே இரண்டு தரம். அதை இந்த நாட்டுக்கு வந்த பத்து வருசத்தில் எத்தனை பேருக்கு எப்படியெல்லாம் அளந்துவிட்டேன்! இன்றும் அளந்தேன். மேசை விரிப்பின் நுனியைப் பிடித்து முடிச்சுப் போட்டுக் காட்டினேன் வேறு.

ஒக்ரோபர் 5, சனி

இரண்டு வாங்கிவிட்டேன். ஒன்று, மலிவு விற்பனையில் போட்ட அந்தச் சங்கிலி இருக்கை. மற்றதை வேர்னனுக்குத் தெரிந்த ஒரு கிழவரிடம் பழையதாக வாங்கினேன். மரத்தைச் சுற்ற அகலமான பட்டி, தட்டுக்கு றப்பர். ஏறி நின்று குதித்தாலும் மூச்சு விடாது.

நல்லது எனக்கென்று நினைத்துத்தான் வாங்கினேன். காசைக் கொடுக்கும்போதே நினைத்தேன். பிறகு நானே கதையை மாற்றிவிடுவேன் என்பதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

என் மனுசி றோஸ்மேரி இரண்டையும் பார்த்துவிட்டு, எது கிளிபோட்டுக்கு என்று கேட்டாள். இரண்டும் ஒன்றுதான் என்றேன்.

ஒக்ரோபர் 19, சனி

காலையிலிருந்து கராஜில் கிளிபோட்டின் இருக்கையோடு மல்லுக்கட்டினேன். ஆணிகளுக்குக் கிறீஸ், இரும்புக்கும் இரும்புக்கும் இடையில் பிளாஸ்ரிக் வளையம், தட்டின் மேல் பழைய கார்பெற் துண்டு. கிறீச் போய்விட்டது. சங்கிலிதான் தொட்டாலே கிலுகிலுக்கிறது. துணி சுற்றிப் பார்த்தேன், சரிவரவில்லை. கழற்றி எறிந்துவிட்டு நைலோன் கயிறு வாங்கி வந்தேன். பரணுக்கு எல்லாரும் கயிறுதானே கட்டினார்கள்?

கம்பனி தந்த சங்கிலியை மாற்றக் கூடாது என்று வேட்டைப் பாடத்தில் அந்த மனிதர் சொன்னார்தான். சொல்வார்தானே, அவர் வேலை அது.

நவம்பர் 3, ஞாயிறு. வேர்னனின் கபின்

வேர்னன் கபினுக்குப் பின்னால் விறகு பிளந்துகொண்டு நின்றான். நானும் கிளிபோட்டும் அவனுடைய ஏணிகளைத் தூக்கிக்கொண்டு போய் இரண்டு இருக்கைகளையும் கட்டினோம். கிளிபோட் ஏணியைப் பிடித்தான், நான் மேலே. கிளிபோட்டுக்கு எடுத்த மரம் வழுவழு என்கிறது. கிளை பிரிகிற கவரும் இல்லை, சொரசொரப்பும் இல்லை. எங்கள் பாலை மரம் என்றால் கவருக்குள் கயிறு போய் இருந்துவிடும். ஆனாலும் கயிற்றை நான்கு சுற்றுச் சுற்றி, என் பாரம் முழுவதும் போட்டுத் தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை.

உனக்கென்றே சத்தமில்லாமல் செய்தது என்று கிளிபோட்டிடம் சொன்னேன். அவன் என் தோளைத் தட்டினான்.

நவம்பர் 4, திங்கள்

விடாத மழை. வெளியே போகவில்லை. வேர்னனுக்கு முந்நூற்றிநாலு விளையாடப் பழக்கினோம். கயிறு நனையுமே, ஒருக்கால் போய்ப் பார்ப்போமா என்று நினைத்தேன். கையில் நல்ல சீட்டு இருந்தது. எழும்பவில்லை.

நவம்பர் 6, புதன்

கிளிபோட் விழுந்துவிட்டான்.

நேற்று விடிய. நான் என் மரத்தில் ஏறி இருந்துவிட்டேன். அவன் மரம் நூற்றைம்பது அடி தூரம்கூட இல்லை. ஏணியிலிருந்து தட்டில் கால் வைத்தான், பாதுகாப்புக்கான இடுப்புப் பட்டியை இன்னும் மரத்தில் கொழுவவில்லை. தட்டு அப்படியே வழுக்கிக்கொண்டு இறங்கியது. பதினைந்து அடி. அவன் கத்தக்கூட இல்லை. நான் என்ர நல்ல இருக்கையிலை, சத்தம் போடாத இருக்கையிலை இருந்துகொண்டு பாத்தனான்.

இடுப்பெலும்பு வெடிப்பு. வலது குதிகால் நொறுங்கிவிட்டது. தலையும் அடிபட்டதால் ஞாயிறு காலை வீட்டிலிருந்து வெளிக்கிட்டதற்குப் பிறகு நடந்தது ஒன்றும் அவனுக்கு நினைவில்லை.

அம்புலன்ஸ் போன பிறகு வேர்னன் கயிற்றைப் பிடித்துப் பார்த்தான். நைலோன் நனைந்தால் இளகிப்போகும், தெரியாதா என்றான். சங்கிலி எங்கே, யார் இப்படிக் கட்டியது என்று கேட்டான்.

"கிளிபோட்தான்" என்றேன்.

யோசிக்கவே இல்லை. வாய் தன்பாட்டில் சொன்னது. ஆஸ்பத்திரியில் செலீன் கேட்டபோது இரண்டாம் தரமும் சொன்னேன், அப்போது யோசிக்க நேரம் இருந்தது. ஏன் சொன்னனான்? ஆர் என்னை அடிக்கப்போகினம்? என்ர கூடப்பிறந்தவளிட்டை— ஏன் சொன்னனான்?

நவம்பர் 10, ஞாயிறு

கிளிபோட் படுத்தபடியே என் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டான். அவன் என்னிடம்! "என்ர மொக்குத்தனத்தாலை உன்ர வேட்டையும் பழுதாப்போச்சு மச்சான். சங்கிலியை ஏன் கழட்டினனோ தெரியேல்லை."

ஒரேஞ்ச் உரித்துக் கொடுத்தேன். பரவாயில்லை என்றும் சொன்னேன்.

நவம்பர் 11, திங்கள்

கராஜ் மூலையில் கிடந்த சங்கிலியைக் குப்பைப் பைக்குள் கட்டிக் கொண்டுபோய் பக்ரறிக் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

டிசெம்பர் 1, ஞாயிறு

வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். மாடிப்படி ஏற முடியாததால் கீழே ஹோலில் கட்டில் போட்டிருக்கிறது. செலீன் வேலைக்கும் போய், வந்து அவனைக் கழுவித் துடைத்து, பிள்ளைகளையும் பார்க்கிறாள். கண் உள்ளே போய்விட்டது. அந்தக் களைப்பெல்லாம் ஏச்சாக வருகிறது.

"சங்கிலி கிலுங்குதெண்டு கழட்டுற மனுசனை எங்கையாவது கண்டிருக்கிறியளோ அண்ணை?" என்று என்னிடம் நியாயம் கேட்டாள். கிளிபோட் சிரித்துச் சமாளித்துக்கொண்டு சுவரைப் பார்த்தான்.

"பிழைதான்" என்றேன் நான்.

பிழைதானாம். வெட்கங்கெட்ட நாய்.

டிசெம்பர் 22, ஞாயிறு

நத்தாருக்கு முன் பாவசங்கீர்த்தனம். கோபப்பட்டேன் என்பதற்கும் பூசைக்குப் பிந்திப் போனேன் என்பதற்கும் நடுவில் "பொய் சொன்னேன் சுவாமி" என்று செருகிவிட்டேன். எந்தப் பொய் என்று அவர் கேட்கவில்லை. கேட்டுவிடுவாரோ என்று வியர்த்தது. பரிகாரமாக மூன்று அருள்நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னார். அதையும் காருக்குள்ளேயே சொல்லி முடித்தேன். ஆண்டவரையே பேய்க்காட்டப் பார்க்கிறேன்.

பூசையில் நன்மை அப்பம் எடுக்க எழும்பவில்லை. றோஸ்மேரி பார்த்தாள்.

1997 ஜனவரி 18, சனி

குதி இனிப் பழையபடி வராது என்று டொக்ரர் சொல்லிவிட்டாராம். நாள் முழுக்க நின்று செய்கிற வேலை கிளிபோட்டுக்கு இனி இல்லை.

இன்று சாப்பிடும்போது றோஸ்மேரி கேட்டாள்: "கயிறு நீங்கள்தானே வாங்கிக்கொண்டு வந்தது?" நான் பிட்டைக் குழைத்துக்கொண்டே இருந்தேன். அவள் மறுபடி கேட்கவில்லை. கேட்டுச் சண்டை பிடித்திருக்கலாம்.

பெப்ரவரி 16, ஞாயிறு

தபசுகாலத்தின் முதல் ஞாயிறு. பூசையிலிருந்து நேரே மல்வேர்ன். றோஸ்மேரி தலையிடி என்று வீட்டுக்குப் போய்விட்டாள். தலையிடியோ என்னவோ.

கிளிபோட் இப்போது பொல்லூன்றி நடக்கிறான். குசினி பல்ப் ஒன்று மாற்றட்டுமா என்று அவன் கேட்டதற்கு, உங்களை நம்பி நாங்கள் அதுக்குக் கீழே நிற்க ஏலாது என்று செலீன் பிள்ளைகளுக்கு முன்னால் சொன்னாள். அவன் சரிதான் என்று தலையை ஆட்டினான்.

பிறகு கொஞ்சம் நடப்போம் என்று கதவடியில் சப்பாத்துப் போட்டான். நூலைக் கட்டிவிட்டு என்னைப் பார்த்தான். "மச்சான், உதைச் சரியாத்தான் கட்டியிருக்கிறனோ? ஒருக்காப் பார்."

பகிடியாகச் சொல்லவில்லை. நாற்பத்தொரு வயது மனிதன், தான் கட்டிய சப்பாத்து நூலை நம்பவில்லை. அதுவும் பார்க்கச் சொல்லிக் கேட்டது என்னை.

குனிந்து அந்தச் சப்பாத்தைப் பிடித்தபடியே சொல்லிவிட்டேன். "நீ கட்டேல்லை. நான்தான் கட்டினது." சங்கிலி, கயிறு, வேர்னனிடம் சொன்னது, கராஜில் கிடந்ததை எறிந்தது, எல்லாம். எனக்கு நல்லதை எடுத்ததையும் சொன்னேன். மூன்று மாதமாகச் சுமந்தது இரண்டு நிமிசத்தில் முடிந்துவிட்டது.

அவன் காலை இழுத்துக்கொண்டான்.

"எது நல்லதெண்டு தெரிஞ்சுகொண்டே எனக்கு மற்றதைத் தந்தனியோ?"

"ஓம்."

குசினிப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டான். "செலீன், அடுப்பை நிப்பாட்டிப்போட்டு இஞ்சை வாரும். உம்மடை அண்ணை ஒண்டு சொல்லப்போறார்." பிறகு என்னிடம், "முதலிலையிருந்து சொல்லு. ஒண்டும் விடாமல்."

இரண்டாம் தரம் சொல்ல நெடுநேரம் எடுத்தது. செலீன் நின்றபடியே கேட்டாள். என்னை ஒரு சொல் ஏசவில்லை. கிளிபோட்டுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து, அவன் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். "நான் உங்களை என்னெல்லாம் சொன்னனான், என்னெல்லாம் சொன்னனான்" என்று அதையே சொன்னாள். நான் ஜக்கெற்றை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

பெப்ரவரி 17, திங்கள்

வேர்னனிடமும் சொன்னேன். மெஷினை நிறுத்தாமலே கேட்டான். வருகிற நவம்பரில் நான் வரவேண்டாம் என்றான். ஓகே என்றேன்.

மார்ச் 30, உயிர்த்த ஞாயிறு

ஒரு போன் இல்லை. றோஸ்மேரி தனியே கறி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். அங்கே என்ன கதைத்தார்கள் என்று கேட்டேன். அவர்கள் சுகமாக இருக்கிறார்கள் என்றாள். குசினிக்கு நல்ல வெளிச்சமான பல்ப் போட்டிருக்கிறார்களாம், கிளிபோட் தானே மாற்றினானாம்.

ஏப்ரல் 12, சனி

வியாழன் செலீன் போன் எடுத்தாள். என்னோடு கதைக்கவில்லை, றோஸ்மேரியோடு கதைத்தாள். சனிக்கிழமைகளில் தனக்கு ஷிப்ற், கிளிபோட்டைத் தெரப்பிக்குக் கொண்டுபோய் விட அண்ணைக்கு ஏலுமோ என்று கேட்கச் சொன்னாளாம்.

பத்து மணிக்கு வரச் சொன்னதற்கு ஒன்பதரைக்கே போய் வாசலில் நின்றேன். அவன் கால் நீட்ட வசதியாக முன் சீற்றைப் பின்னுக்குக் கடைசிவரை தள்ளி வைத்திருந்தேன். பொல்லூன்றி வந்தான். முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் என்னைக் கடந்துபோய்ப் பின் கதவைத் தானே திறந்து, அந்த ஒடுக்கமான இடத்துக்குள் காலைக் கையால் தூக்கி வைத்து, ஏறி இருந்தான்.

வரும்போதும் பின் சீற்றில்தான். இறங்கும்போது, "வாற சனியும் பத்து மணிக்கு" என்றான். ஓம் என்றேன்.

பின்னேரம் கடைக்குப் போக ஏறிய றோஸ்மேரி, முன் சீற்றை இழுத்துவிடட்டோ என்று கேட்டாள். வேண்டாம், அப்படியே கிடக்கட்டும் என்றேன்.