ஒற்றைக் காலுக்கு ஓடும் சக்கரம்

ஓசூர்
பிப்ரவரி 1988

அன்பு மகள் சபீஹாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கிருபையால் நான் நலம். திருச்சி வெயிலில் நீ எப்படி இருக்கிறாய், நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் என் கவலை. மாவுக்கட்டைப் பிரித்தும் என் வலது காலுக்குத் தெம்பு வரவில்லை. இடது காலால் மட்டும் தையல் மிஷினை மிதித்தால், கம்பெனிக்குத் தைத்துக் கொடுக்கும் கிளவுஸின் தடித்த மடிப்பு வரும்போதெல்லாம் சக்கரம் நின்று, பின்பக்கம் சுற்றி, நூலை அறுக்கிறது. அதைப் பார்த்துத்தான் உன் மாமா குலாம் ரசூல், மிஷின வித்துடு, புள்ளைய வரச் சொல்லிக் கம்பெனி வேலைக்கு அனுப்பு என்றார். நீயும் படிப்பை நிறுத்திவிட்டு வருகிறேன் என்று எழுதிவிட்டாய். இரண்டு பேருக்கும் என்னை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை, எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை.

அந்தக் கோபத்தில்தான் காலேஜில் நடத்தியதாக நீ முன்பு எழுதிய சக்கரப் பாடத்தைச் செய்து பார்த்தேன். குச்சியின் நடுவில் இரண்டு தக்காளியைக் கோத்துப் பிடித்துத் திருப்பினால் லேசாகத் திரும்பியது. அதே தக்காளிகளை முனைகளுக்குத் தள்ளியதும் திரும்ப மாட்டேன் என்றது, திரும்பிய பிறகு நிற்க மாட்டேன் என்றது, அப்படியே உன் மாமாதான். சாய்த்த பலகையில் வளையலையும் ரூபாயையும் உருட்டினேன். கனமெல்லாம் ஓரத்தில் இருக்கிற வளையல்தான் பிந்தியது. சரி, மடிப்பில் நிற்காமல் ஓட மிஷினின் கீழ்ச் சக்கரத்துக்கும் ஓரத்தில் கனம் வேண்டும் என்று புரிந்தது. ஆனாலும் கட்டச் சுலபம் என்று இரும்பு வாஷர்களை முதலில் நடுவில் கட்டினேன், பயனில்லை. ஓரத்தில் ஒரே பக்கமாகக் கட்டியதும் மிஷின் அறை முழுக்க நடந்தது. பழைய டியூப் கேட்கப் போனால் சைக்கிள் கடை திம்மராயன், தையல் மிஷினும் பஞ்சராம்மா என்று சிரிக்கிறான். சிரிக்கட்டும். சுற்றிலும் சமமாக வாஷர்களைக் கம்பியால் கட்டி, மேலே டியூபை இறுக்கிச் சுற்றினேன். கிளப்பத்தான் கையால் ஒரு தள்ளு வேண்டும், கிளம்பிவிட்டால் மடிப்பைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறது.

நேற்று மாமா மிஷினை வாங்க ஆள் கூட்டி வந்தார். நான் எழுந்திருக்கவே இல்லை, அவர்கள் எதிரிலேயே ஒரு கிளவுஸை நூல் அறாமல் தைத்து முடித்தேன். வந்தவர் போய்விட்டார். மாமா மட்டும், ஒத்தக் கால வச்சுக்கிட்டு எத்தன நாளைக்கு ஓட்டுவே என்றார். என் மக கடைசிப் பரீட்சை எழுதுற வரைக்கும் என்றேன்.

உனக்கு என் துஆ எப்போதும் உண்டு. தலைக்கு எண்ணெய் வை, ராத்திரி வெறும் வயிற்றோடு படுக்காதே. பாதியில் வந்து நின்றால் கதவைத் திறக்க மாட்டேன், சொல்லிவிட்டேன். வலது கால் ஓய்வெடுக்கட்டும், உன்னைப் படிக்க வைக்க இடது கால் போதும்.

இப்படிக்கு
உன் அம்மா
காத்தூன்